பக்கத்துக் கல்லறையில் யார்?

அமெரிக்காவில் வாழும் யூதக் குடும்பம் ஒன்று, தன் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று தேடத் தொடங்கினால் முதலில் கையில் கிடைப்பவை அரசாங்கக் காகிதங்கள்தான். 1900, 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பிறந்த இடத்துக்கான கட்டத்தில் ‘ரஷ்யா’ என்று இருக்கும். சில வீடுகளுக்கு ‘ஆஸ்திரியா’. குடியுரிமைப் பத்திரம் 1906-க்கு முந்தையது என்றால் அதிலும் பெரும்பாலும் நாட்டின் பெயரோடு சரி. அன்றைய ரஷ்யப் பேரரசுக்குள் இன்றைய லித்துவேனியா, பெலாரஸ், மால்டோவா, உக்ரைனின் பெரும்பகுதி, போலந்தின் நடுப்பகுதி எல்லாம் அடக்கம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்தப் பிறப்புப் பதிவேட்டைப் புரட்டுவது? 1881 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் அமெரிக்காவில் வந்திறங்கினார்கள். ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் 1881 மார்ச்சில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட கலவரங்களும், யூதர்களைக் கட்டுப்படுத்திய 1882-ன் மே சட்டங்களும், எல்லாவற்றுக்கும் அடியில் பிழைக்க வழியில்லாத வறுமையும் அவர்களைத் துரத்தின. 1924-ன் ஒதுக்கீட்டுச் சட்டம் வாசலை ஏறக்குறைய சாத்திவிட்டது. வந்தவர்களில் பலர் பழைய ஊரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசவில்லை. பேசியவர்கள் சொன்ன ஊர்ப்பெயரும் மூன்றாம் தலைமுறையின் வாயில் உருமாறிப்போனது.

எந்த ஊர் என்ற இந்தக் கேள்விக்கு மற்ற ஆவணங்களைவிட நேராகப் பதில் சொல்லக்கூடியது இடுகாட்டுப் பேரேடு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கணக்கெடுப்பாளர், குடியேற்ற அதிகாரி, நீதிமன்ற எழுத்தர் எல்லோரும் புலம்பெயர்ந்தவரைப் பற்றி எழுதியவர்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் அரசாங்கத்தின் தேவைக்காகக் கேட்கப்பட்டவை. கிடைத்த பதில்களிலும் பயம், தந்திரம், மொழி புரியாத குழப்பம் எல்லாம் கலந்திருந்தன. இடுகாட்டுக் கணக்கை எழுதியவர் அதே ஊர்க்காரர். இறந்தவரின் தகப்பனை நேரில் கண்டிருக்கக்கூடியவர். யார் சந்தா கட்டினார், யாருக்கு எந்த வரிசையில் எந்தக் குழி என்று அவர் எழுதியது தங்கள் ஆட்களுக்காக. வெளியாருக்குக் காட்டவேண்டிய எதுவும் அதில் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கல்லில் இருக்கும் ஒற்றைப் பெயரை மட்டும் பெயர்த்தெடுத்து வாசித்தால் இந்த ஆவணமும் ஏமாற்றும். அந்த மனையை யார் வாங்கினார்கள், இடமும் வலமும் யார் கிடக்கிறார்கள் என்று சேர்த்து வாசித்தால்தான் அது வாய் திறக்கும்.

மனையை வாங்கியவர்கள் யார் என்பதிலிருந்தே தொடங்கலாம். மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் ஒண்டுக்குடித்தனம் நடத்தித் தையல் கூடங்களில் மிஷின் ஓட்டிய இந்த மக்கள், வந்த சூட்டோடு ஊர்க்காரர் சங்கங்களை அமைத்துக்கொண்டார்கள். இத்திஷ் மொழியில் அதற்கு ‘லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட்’ என்று பெயர். சந்தா கட்டியவரின் வீட்டுக்குச் சங்கத்து டாக்டர் வருவார். வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிட்டால் உதவித்தொகை கிடைக்கும். செத்தால் அடக்கம் செய்ய இடம் உண்டு. கடைசியில் சொன்னதுதான் பலரைச் சங்கத்துக்குள் இழுத்தது. கேட்பாரற்ற பிணங்களை நியூயார்க் நகராட்சி 1869 முதல் ஹார்ட் தீவில் புதைத்து வந்தது. யூத முறைப்படி குளிப்பாட்டப்படாமல், வெள்ளைத் துணி உடுத்தப்படாமல், யார் யாருடனோ ஒரே குழியில் கிடக்க நேருமோ என்ற பயம் சாதாரணப் பயமாக இருக்கவில்லை. மன்ஹாட்டனுக்குள் புதைக்க இடமில்லை. 1847-ல் மாநிலம் கொண்டுவந்த இடுகாட்டுச் சட்டத்துக்குப் பின் புதைநிலங்கள் புரூக்ளின், குயின்ஸ் பக்கம் நகர்ந்துவிட்டன. குயின்ஸில் உயிரோடு இருப்பவர்களைவிட மண்ணுக்குள் இருப்பவர்களே அதிகம் என்று நியூயார்க்கர்கள் சொல்வதுண்டு. அங்கே மவுன்ட் ஸயான், மவுன்ட் ஹீப்ரோன் போன்ற பெரிய இடுகாடுகளில் சங்கங்கள் மொத்தமாக மனை வாங்கின. மனையின் முகப்பில் இரண்டு கல் தூண்கள் அல்லது ஒரு வளைவு; அதில் ஊரின் பெயர், சங்கம் தொடங்கிய ஆண்டு, தலைவர், செயலாளர், பொருளாளர், இடுகாட்டுக் கமிட்டி உறுப்பினர்கள் என்று நம் ஊர்க் கோயில் உபயக்காரர் பலகையைப் போலப் பெயர் வரிசை. 1930-களில் அரசு எழுத்தாளர் திட்டத்தின் இத்திஷ் குழு இந்தச் சங்கங்களைக் கணக்கெடுத்து 1938-ல் இத்திஷிலேயே ஒரு புத்தகம் கொண்டுவந்தது. நியூயார்க்கில் மட்டும் மூவாயிரம் அளவில் இருக்கும் என்பது அன்றைய மதிப்பீடு. மூவாயிரம் சங்கம் என்றால் ஐரோப்பாவின் வரைபடம் ஒன்று குயின்ஸ் மண்ணில் மனை மனையாகப் பிரித்து விரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இனி ஒரு கல்லை அருகில் போய்ப் பார்ப்போம். உச்சியில் ‘பே’, ‘நூன்’ என்று இரண்டு எபிரேய எழுத்துகள். இங்கே அடக்கம் என்பதன் சுருக்கம். அடியில் ஐந்து எழுத்துகள், இறந்தவரின் ஆன்மாவுக்கான ஒரு வேண்டுதலின் முதலெழுத்துகள். இரண்டுக்கும் நடுவில்தான் செய்தி இருக்கிறது: இன்னார், இன்னாருடைய மகன் அல்லது மகள், இறந்த மாதம், நாள், ஆண்டு. ஆண்டு எண்ணாக இருக்காது, எழுத்தாக இருக்கும். ‘தாவ்’ என்றால் 400, ‘ரேஷ்’ 200, ‘அயின்’ 70, ‘அலேஃப்’ 1, கூட்டினால் 671. ஆயிரங்களை எழுதாமல் விடுவது வழக்கம் என்பதால் இது யூத ஆண்டு 5671. 671-உடன் 1240-ஐக் கூட்டினால் 1911 கிடைக்கும். புத்தாண்டு செப்டம்பர் வாக்கில் பிறப்பதால் டிசம்பர் வரையிலான மாதங்களுக்கு 1239. நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குவதால், மாலை இருட்டிய பின் இறந்தவரின் கல்லில் ஒரு தேதியும் நகராட்சிச் சான்றில் அதற்கு முந்தைய தேதியும் இருக்கும். தேடுகிறவர் இதை முரண்பாடு என்று நினைத்து இரண்டு வேறு ஆட்களாக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கல்லின் மேல்பக்கம் விரல்கள் பிரிந்த இரண்டு கைகள் செதுக்கியிருந்தால் அவர் கோஹேன், அதாவது ஆசாரியர் மரபு. தண்ணீர்க் குடம் இருந்தால் லேவியர். இந்த மரபு தகப்பன் வழியில் மட்டுமே வருவது. எனவே ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவரில் ஒருவர் கல்லில் கை இருந்து மற்றவர் கோஹேன் இல்லையென்று உறுதியானால், அவர்கள் ஆண்வழிப் பங்காளிகள் இல்லை என்று சொல்லிவிடலாம். எத்தனையோ ஊகங்களை இந்தச் சின்னச் சிற்பம் வெட்டிவிட்டிருக்கிறது.

தகப்பன் பெயரின் அருமை இனிஷியல் போட்டுப் பழகிய தமிழர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்குப் பரம்பரைக் குடும்பப் பெயர் அரசாங்கம் திணித்ததுதான். ஆஸ்திரியாவில் 1787 ஆணை, ரஷ்யாவில் 1804 சட்டம். அதற்கு முன்னால் தகப்பன் பெயரே அடையாளம். பின்னாலும் ஜெபாலயத்திலும் கல்லறையிலும் அதுவே தொடர்ந்தது. அமெரிக்காவில் இதன் பயன் இரட்டிப்பாகிறது. கப்பல் பட்டியலில் இத்ஸ்கோ, தையல் கூடத்தில் இஸிடோர், வரிக்காகிதத்தில் இர்விங் என்று ஒரே ஆள் மூன்று பெயரில் இருப்பார். கல்லில் யிட்ஸ்ஹாக் என்ற எபிரேயப் பெயர் மூன்றையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கட்டும். (குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதைக்கு ஆதாரமில்லை. கப்பல் கம்பெனி புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதிக் கொண்டுவந்த பட்டியலைத்தான் அவர்கள் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் இந்த மக்களேதான், பிற்பாடு, தங்கள் காரணங்களுக்காக.) பெண்களுக்கு இந்தக் கல் இன்னும் முக்கியம். அமெரிக்கக் காகிதம் அவளைக் கணவன் பெயரில் கரைத்துவிடும். கல் அவளை இன்னார் மகள் என்றே நிறுத்தும். அத்தோடு அஷ்கெனாஸி எனப்படும் இந்தக் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் உயிரோடு இருப்பவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பதில்லை. 1895-ல் பிறந்த பேரனுக்குத் தாத்தா பெயர் இருந்தால் தாத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டார் என்று துணிந்து எழுதலாம். கடல் கடந்து பதிவேடு கிடைக்காத ஒரு சாவுக்கு, குயின்ஸில் இருக்கும் பேரனின் கல் தேதி வரம்பு கொடுக்கிறது.

கல் பொய் சொல்லாதா என்று கேட்பார்கள். சொல்லும். இறந்தவர் தன் வயதைச் சொல்ல வரமாட்டார். எபிரேயம் தெரியாத பிள்ளைகள் தாத்தா பெயரை மறந்து எதையோ சொல்லியிருப்பார்கள். கல் தச்சர் எழுத்தைப் பிழையாகச் செதுக்கியிருப்பார். வயதைப் பத்தாண்டு குறைத்துச் சொல்லியே வாழ்ந்தவருக்குக் கல்லிலும் அதே வயது ஏறியிருக்கும். கல்லுக்கு மேல் நம்பத் தகுந்தது சாவுப் பதிவு என்று சிலர் சொல்வதும் இதனால்தான். ஆனால் நியூயார்க் நகரச் சாவுச் சான்றில் தகப்பன், தாய் பெயர்களைச் சொன்னதும் அதே துக்க வீட்டு மகனோ மருமகனோதான்; ‘தெரியாது’ என்று நிரப்பிய கட்டங்கள் ஏராளம். ஆவணத்தில் உயிருள்ளவரே பொய் சொல்வதற்கு ஹூடினியைவிட நல்ல சாட்சி வேண்டாம். 1874-ல் புடாபெஸ்டில் பிறந்த அந்த மாயவித்தைக்காரர், தான் விஸ்கான்சின் மாநிலத்து ஆப்பிள்டனில் பிறந்ததாகவே வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். அவர் இருப்பது குயின்ஸின் மக்பேலா இடுகாட்டில், ரபியாக இருந்த தகப்பனோடும் தாயோடும் ஒரே குடும்ப மனையில். ஒரு கல்லின் பொய்யைப் பிடிக்க அடுத்த கல் வேண்டும். ஒருவர் தகப்பன் பெயர் தவறாக இருக்கலாம். ஐந்து உடன்பிறப்புகளின் கற்களிலும் ஒரே தவறு இருப்பது அபூர்வம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று. சங்கத்து மனையில் கிடப்பவர் எல்லோரும் அந்த ஊர்க்காரர்தானா? இல்லை. மனைவி ஊர்ச் சங்கத்தில் சேர்ந்த மாப்பிள்ளைகள் உண்டு; சந்தா மலிவு என்பதற்காகவோ நண்பன் கூப்பிட்டான் என்பதற்காகவோ பக்கத்து ஊர்ச் சங்கத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. ஊரைவிடக் கொள்கை பெரிதென்று நினைத்தவர்கள் ‘வொர்க்மென்ஸ் சர்க்கிள்’ என்ற சோஷலிசத் தொழிலாளர் அமைப்பின் மனைகளில் கிடக்கிறார்கள். இத்திஷ் எழுத்தாளர் ஷோலெம் அலைக்கெம் 1916-ல் நியூயார்க்கில் இறந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊர்வலத்துக்குத் திரண்டார்கள். தன்னைப் பெரிய மனிதர்களோடு வைக்காமல் எளிய உழைப்பாளிகள் நடுவில் அடக்கம் செய்யவேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். இன்று மவுன்ட் கார்மெலில் வொர்க்மென்ஸ் சர்க்கிள் மனையில் இருக்கிறார். அவருடைய பக்கத்துக் கற்களைப் பார்த்து உக்ரைனின் பெரயஸ்லாவை யாரும் கண்டுபிடிக்க முடியாது. மவுன்ட் ஹீப்ரோனில் இத்திஷ் நாடக நடிகர்களுக்கென்றே தனி மனை இருக்கிறது. அங்கே ஊர் என்பது மேடைதான்.

இந்த ஆட்சேபம் வாதத்தைத் திருத்துகிறது, கவிழ்ப்பதில்லை. மனை சொல்வது பிறந்த ஊரைப் பற்றி மட்டும் அல்ல, இவர் யாரைத் தன் ஆட்கள் என்று நினைத்தார் என்பதைப் பற்றி. பெரும்பாலோர் விஷயத்தில் இரண்டும் ஒன்று. ஒன்றாக இல்லாதபோது, பேரேடு தரும் தகவல் வேறு விதத்தில் பயன்படும்: மாமனார் ஊர் கிடைக்கும், சேர்ந்திருந்த கட்சி கிடைக்கும், தொழில் கிடைக்கும். எனவே மனையைத் தீர்ப்பாக எடுக்காமல் துப்பாக எடுத்து, 1907 முதலான கப்பல் பட்டியல்களில் உள்ள பிறந்த ஊர், பழைய ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினர் பெயர் ஆகியவற்றோடு ஒட்டிப் பார்க்கவேண்டும். அந்தப் பட்டியல்களே போதாதா என்றால், அவற்றில் ஆளைக் கண்டுபிடிக்கவே அவர் எந்தப் பெயரில் ஏறினார் என்று தெரியவேண்டியிருக்கிறது. 1890-களில் வந்தவருக்கோ அந்தக் கட்டங்களே கிடையாது. இன்னொரு விஷயம். பல சங்கங்கள் குடும்பம் குடும்பமாகப் புதைக்காமல் இறந்த வரிசையிலேயே புதைத்தன. கணவன் ஒரு வரிசையில், மனைவி நான்கு வரிசை தள்ளி. பக்கத்தில் இருப்பதால் மனைவி என்று முடிவுகட்டியவர்கள் தேதிகளைப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

சந்தா கட்ட வழியில்லாதவர்கள் என்ன ஆனார்கள்? இங்கேதான் இந்த ஆவணத்தின் உண்மையான குறை தெரிகிறது. ஊர்ச் சங்கத்தின் பேரேடு நாணயமாகச் சந்தா கட்டிய ஆண்களின் பேரேடு. கணவன் பெயரில் இடம் பெற்ற பெண்களும், வேலி ஓரத்தில் பெயரில்லாமல் புதைக்கப்பட்ட சிசுக்களும் அதில் அரைகுறையாகவே இருக்கிறார்கள். ஏழை யூதர்கள் ஹார்ட் தீவுக்குப் போகாமல் தடுக்க 1888-ல் ஹீப்ரூ ஃப்ரீ பரியல் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. ஸ்டேட்டன் தீவின் சில்வர் லேக் இடுகாட்டில் 1892 முதல் 1909 வரை பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அது இலவசமாக அடக்கம் செய்தது. பிறகு அதே தீவில் மவுன்ட் ரிச்மண்ட். பெரும்பாலான குழிகளுக்குக் கல்லே கிடையாது. கல் இல்லாத இடத்தில் இருப்பது பேரேடு ஒன்றுதான், அதனால் இங்கே அதன் மதிப்பு இன்னும் கூடுகிறது. 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள். யூதர்களும் இத்தாலியர்களும், பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களில் 22 பேர் இருப்பது மவுன்ட் ரிச்மண்டில். யூத நாட்காட்டியில் அன்று 5671 அதார் 25. மேலே எழுத்துக்கூட்டிப் பார்த்த 671 இந்த ஆண்டுதான். அடையாளம் தெரியாத ஆறு பேரை நகரம் புரூக்ளினில் உள்ள எவர்கிரீன்ஸ் இடுகாட்டில் புதைத்தது. நூறு ஆண்டு கழித்து 2011-ல் மைக்கேல் ஹிர்ஷ் என்ற ஆய்வாளர் அந்த ஆறு பேருக்கும் பெயர் கண்டுபிடித்தார். ஆறு பிணங்களை அவர் தேடவில்லை. இறந்ததாக இத்திஷ், இத்தாலியப் பத்திரிகைகள் சொன்ன எல்லோரையும் சான்றுகளோடும் அடக்கப் பதிவுகளோடும் வைத்துப் பார்த்து, யாருக்குக் கல்லறை இல்லை என்று கழித்துக்கொண்டே வந்தார். முழுப் பட்டியலைப் படித்தவருக்குத்தான் விடுபட்டவர் தெரிவார்.

இத்தனை பாடு எதற்கு, எச்சிலைக் குழாயில் துப்பி மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினால் போதுமே என்பது இப்போதைய வாதம். அஷ்கெனாஸி யூதர்கள் விஷயத்தில் அது எதிர்பார்க்கும் அளவுக்கு உதவாது. 2014-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இன்றைய அஷ்கெனாஸி மக்கள் ஏறக்குறைய 600 முதல் 800 ஆண்டுகளுக்கு முன் இருந்த சுமார் 350 பேர் கொண்ட சிறு கூட்டத்திலிருந்து பெருகியவர்கள் என்று கணக்கிட்டது. அதற்குப் பிறகும் தங்களுக்குள்ளேயே மணம் முடித்து வந்தார்கள். விளைவு, யாரைப் பரிசோதித்தாலும் ஆயிரக்கணக்கான ‘நான்காம் முறை உறவுகள்’ திரையில் கொட்டும். பலர் உண்மையில் எட்டாம், பத்தாம் முறை. இந்தக் கூட்டத்தில் யார் நிஜமாக நெருங்கியவர் என்று சலிக்க ஊர் வேண்டும், தகப்பன் பெயர் வேண்டும். இரண்டையும் தேடிப் போனால் மறுபடி இடுகாட்டு வாசலில்தான் வந்து நிற்கவேண்டும்.

பழைய ஊருக்கே போய்ப் பார்க்கலாமே என்பவர்களுக்கு அங்கே பெரும்பாலும் ஒன்றும் மிச்சமில்லை. நாஜிகள் யூதக் கல்லறைக் கற்களைப் பெயர்த்துச் சாலை போட்டார்கள்; போருக்குப் பின் சுவருக்கும் படிக்கட்டுக்கும் எடுத்துப்போனவர்கள் உண்டு. ஊரில் உயிரோடு இருந்த யூதர்களையும் அழித்தாயிற்று. அந்த ஊர்களின் யூத வாழ்வுக்கு மிஞ்சிய பொது இடங்களில் ஒன்று குயின்ஸிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் சங்கத்து மனை. போருக்குப் பின் பல சங்கங்கள் தங்கள் மனையின் நடுவில், கொல்லப்பட்ட ஊர்க்காரர்களுக்காக நினைவுக் கல் நிறுத்தின. அதனால் 1910-ல் இறந்தவரைத் தேடிப் போகிறவர், அவருடைய தங்கை பிள்ளைகளின் முடிவையும் அதே வாசலுக்குள் பார்த்துவிட்டு வரநேரும்.

மனையிலிருந்து கல் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போகவேண்டாம். கேரளத்தின் சேந்தமங்கலம் ஜெபாலயத்தின் முன் நிற்கும் 1269-ஆம் ஆண்டுக் கல், இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டு. இஸ்ரவேல் மகள் சாரா என்று பெயர் இருக்கிறது, நியூயார்க் கற்களின் அதே வாய்பாடு. ஆனால் அவளைச் சுற்றி இருந்தவர்கள் யார் என்று கேட்டால் பதிலில்லை. 17-ஆம் நூற்றாண்டில் வைரமும் பவளமும் விற்க மெட்ராஸில் வந்து தங்கிய போர்த்துகீசிய யூத வணிகர்கள் ஜார்ஜ் டவுன் பக்கம் இடுகாடு வைத்திருந்தார்கள். அதில் மிஞ்சிய சில கற்கள் இடம் மாற்றப்பட்டு இன்று லாயிட்ஸ் சாலையில் நிற்கின்றன. பெயரும் ஆண்டும் பிழைத்தன. யாருக்கு அடுத்து யார் என்ற வரிசை போனதோடு, அந்தச் சின்னச் சமூகத்தின் உள்கட்டும் போயிற்று.

இன்றைய இணையப் பட்டியல்கள் செய்வதும் ஒருவகையில் இந்தப் பெயர்ப்புதான். 1987-ல் தொடங்கிய ஜூயிஷ்ஜென் அமைப்பு, உலகெங்கும் உள்ள யூத இடுகாடுகளின் லட்சக்கணக்கான பதிவுகளைத் தன்னார்வலர்களைக் கொண்டு சேர்த்திருக்கிறது. நியூயார்க் நகராட்சி ஆவணக் காப்பகம் 2022-ல் பழைய பிறப்பு, திருமண, சாவுப் பதிவுகளின் படங்களை இலவசமாக இணையத்தில் ஏற்றிவிட்டது. இந்த உழைப்புக்கு முன் எந்தக் குறையும் சிறிதுதான். இருந்தும் பெயரைத் தட்டினால் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு கல்லின் படம் என்று தனித்தனியாகத் திரையில் வருவதால், தேடுகிறவர் தன் ஆள் கிடைத்ததும் ஜன்னலை மூடிவிடுகிறார். சங்கத்தின் பெயரைக் குறிக்காத பதிவு பாதிப் பதிவு. அதோடு சங்கங்களும் ஒவ்வொன்றாகக் கலைந்துவருகின்றன. நியூயார்க் மாநிலக் காப்பீட்டுத் துறையின் கலைப்புப் பிரிவு வசம் வந்த சங்கங்களின் காகிதங்களில் ஒரு பகுதி, வில்னாவில் 1925-ல் தொடங்கி 1940-ல் நியூயார்க்குக்கு இடம் பெயர்ந்த யிவோ ஆய்வு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்பு, மனை வரைபடம் எல்லாம் அதில் உண்டு. மற்றவை கடைசிச் செயலாளரின் வீட்டு அலமாரியோடு போயின. இடுகாட்டு அலுவலகங்களில் இன்னும் இருக்கும் மனை வரைபடங்களும் குழி எண் அட்டைகளும்தான் இப்போது முதலில் ஸ்கேன் செய்யப்படவேண்டியவை. கற்களுக்கு இன்னும் சில காலம் இருக்கிறது, காகிதத்துக்கு இல்லை. கேமராவோடு போகும் தன்னார்வலர்கள் முதல் படத்தை வாசல் வளைவில் எடுத்து, அடுத்ததை வரிசையின் இரண்டு கோடியிலும் எடுத்து, அதன் பிறகு தனிக் கற்களுக்கு வந்தால் பின்னால் வருபவரின் தேடலில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.